மூன்று ஆள் எடை

பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது ஆய்வாளர் தன்னை அறியாமல் தலையைக் குனிந்தார். குனியத் தேவையே இருக்கவில்லை. முன்பு அந்த வாசலுக்குக் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் தாழ்வாகப் போகும். படித்த காலத்தில் அதில் இடித்துக்கொண்டு அவர் நெற்றி புடைக்காத மாதமே கிடையாது. சட்டத்தை எப்போதோ கழற்றிவிட்டார்கள். கழுத்துக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

“பாத்தியா, குனிஞ்சான்,” என்றது ஒரு பெண் குரல். “டீ உன் செலவு.”

“இத்தன வருஷத்துல மறந்திருப்பான்னு நெனச்சேன்,” என்றது ஓர் ஆண் குரல், பந்தயத்தில் தோற்ற வருத்தத்தோடு.

முன்கூடத்து நிழலில் இரண்டு பேர் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெண், மடியில் ஒரு சாவிக்கொத்து. பக்கத்தில் கதவை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பருமனான ஆள், புருவம் வரை மரத்தூள்.

“வா, ஏணி,” என்றாள் அவள்.

அலுவலகத்தில் அவரை சார் என்பார்கள். வீட்டில் அப்பா. ஏணி என்று யாராவது கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்த வாசலுக்கு உள்ளே அவருக்கு வேறு பெயர் கிடையாது. அதனால் நாமும் மரியாதையைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு அப்படியே கூப்பிடுவோம்.

வகுப்பிலேயே உயரமானவன் ஏணி. அவன் தோளில் ஏறி, ஜன்னலின் மேல் விளிம்பைப் பிடித்து, மழைநீர்க் குழாயில் கால் கொடுத்து, கூரையில் விழுந்த பந்தை எடுத்து வருபவள் பல்லி. ஆசிரியர் யாராவது வருகிறாரா என்று கீழே காவல் நிற்க வேண்டியவன் மூன்றாமவன். மேஜையில் கன்னத்தைச் சாய்த்தான் என்றால் மணி அடித்தால்தான் எழுவான் என்பதால் அவன் பெயர் தூங்குமூஞ்சி. காவலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நட்பில் பதவிகளைத் தகுதி பார்த்துக் கொடுப்பதில்லை.

பல்லி இப்போது அதே பள்ளியில் அறிவியல் டீச்சர். தூங்குமூஞ்சிக்குப் பின்தெருவில் சொந்தமாகத் தச்சுப்பட்டறை. ஏணி, லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அரசு ஆய்வாளன். பள்ளியில் புதிதாக ஒரு லிஃப்ட் போட்டிருந்தார்கள். அதைச் சோதிக்கும் வேலை அவனுக்கு விழுந்தது. “நான் படிச்ச ஸ்கூல் சார் அது,” என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். “படிச்சீங்க, லிஃப்ட் போடலயே? போய் நேரா பாத்துட்டு வாங்க,” என்று அனுப்பிவிட்டார் அவர்.

லிஃப்ட் யாருக்காக என்பது அவனுக்குத் தெரியாது. நாற்காலியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவன் பார்வை அவள் கால்களுக்குப் போய்த் திரும்பியது.

“முதுகெலும்புல ஒரு கட்டி. எடுத்தாங்க. கட்டி போச்சு, கூடவே காலும் போச்சு,” என்றாள் பல்லி, வெள்ளைத் தாளில் விளிம்புக் கோடு போடுகிற மாதிரி நேராக. “மூஞ்சிய அப்படி வச்சுக்காத. நடந்து நாளாச்சு, அழுது முடிச்சாச்சு. வா, முதல்ல படிக்கட்டைக் காட்டறேன்.”

படிக்கட்டு பழைய படிக்கட்டுதான். முனைகள் நடுவில் தேய்ந்து, சிரிக்கிற வாய்போல வளைந்திருந்தன. அறிவியல் லேப் மேல்மாடியில். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் ஒரு வருடம் முழுக்க அவள் தினமும் அந்த லேப்புக்குப் போயிருக்கிறாள். எப்படி என்றால், கீழ்ப்படியில் முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் அடுத்த படியில் ஊன்றுவாள். உடம்பைத் தூக்கி அந்தப் படியில் வைப்பாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைப்பாள். மறுபடியும் கை, மறுபடியும் உடம்பு. பிள்ளைகள் நாற்காலியை மடித்து முன்னால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

“தூக்கிட்டுப் போறோம்னு எத்தன பேர் கேட்டோம் தெரியுமா?” என்றான் தூங்குமூஞ்சி. “மூட்டையா நான்னு திட்டினா.”

“தூக்கறவன் தடுக்கினா ரெண்டு பேரும் விழணும். நானே ஏறினா விழறதுக்கு இடமே இல்ல, ஏற்கெனவே உட்கார்ந்துதான இருக்கேன்,” என்றாள் அவள். “ஆனா தோள்பட்டை கழண்டு போச்சு. இனிமே படி ஏறினா கையும் போயிடும்னு டாக்டர் கட்டிப்போட்டுட்டார். போன பருவம் முழுக்க லேப்பையே பாக்கல.”

பேச்சுக் குரல் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். இவர்களைவிடச் சின்னவர். அதே பள்ளியில் இவர்களுக்கு நான்கைந்து வகுப்பு கீழே படித்தவர். நிலைமையை அவர் மறைக்கவில்லை. போன பருவம் பிள்ளைகள் ஒரு சோதனைகூடச் செய்யாமல் பாடத்தை வாயால் படித்தார்கள். அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. அதற்குள் லிஃப்ட் தேறாவிட்டால் நிர்வாகக்குழு லேப்பை வேறொரு ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, பல்லியைக் கீழே நூலகத்தில் உட்கார வைத்துவிடும்.

“நூலகம் மோசமில்ல சார்,” என்றார் தலைமையாசிரியை. “ஆனா டீச்சர நூலகத்துல வைக்கறது, மீனைக் கொண்டுபோய் அலமாரில வைக்கற மாதிரி.”

ஏணி கையிலிருந்த சான்றுப் படிவத்தைப் பார்த்தான். சான்று என்பது அவனுக்கு ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. வருடத்துக்கு எத்தனையோ போடுகிறான். இந்த ஒன்றின் மறுபக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சாதாரணமாக லிஃப்ட் பெட்டி என்றால் பளபளக்கும் தகரச் சுவர்தான். இதில் மூன்று பக்கச் சுவரும் மரம். கருத்துப் பழுத்த தேன் நிறப் பலகைகள், ஒன்றோடு ஒன்று மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் கீறல்கள், மைக்கறை, கவராயத்தின் முனையால் தோண்டிய குழிகள், பாதியில் விட்ட கூட்டல் கணக்கு.

“நம்ம மேஜைங்கடா,” என்றான் தூங்குமூஞ்சி. குரல் தழைந்திருந்தது. “பழைய வகுப்பறை மேஜையெல்லாம் கொட்டகைல கிடந்துது. இவளுக்குத் தெரியாம லீவுல வந்து அடிச்சேன். பயப்படாத, தீப்பிடிக்காத பூச்செல்லாம் பூசியாச்சு. அங்க பாரு, அவ நாற்காலில உட்கார்ந்தா கண்ணுக்கு நேரா வர்ற வரிசை நம்ம வரிசை. இது நான் தூங்கின பலகை.”

உண்மையிலேயே அந்தப் பலகையில் ஓர் இடம் மட்டும் கன்னம் பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. அதற்கு அடுத்ததில் நீள வால் வைத்த ஒரு பல்லி, ஊசிமுனையால் செதுக்கியது. ஏணி விரலால் தடவிப் பார்த்தான். இத்தனை நேர்த்தியான வேலையை அவன் பெரிய விடுதிகளின் லிஃப்டுகளில்கூடப் பார்த்ததில்லை. “எந்த மேஜைல தூங்கினியோ அந்த மேஜைலயே முழிச்சுக்கிட்டயேடா,” என்றான். தூங்குமூஞ்சிக்கு அது பட்டம் வாங்கியதுபோல இருந்தது.

பிறகு சோதனை தொடங்கியது. கயிறுகளைப் பார்த்தான், கதவுப் பூட்டுகளைப் பார்த்தான், வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிகளைப் பார்த்தான். எல்லாம் சுத்தம். மிச்சம் இருந்தது எடைச் சமன்.

லிஃப்டை மோட்டார் தூக்குகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. கயிற்றின் ஒரு முனையில் நாம் ஏறும் பெட்டி தொங்குகிறது. கயிறு மேலே ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்குகிறது. அந்த முனையில் இரும்புக் கட்டைகளை அடுக்கிய ஒரு சட்டம் தொங்குகிறது. பெட்டி ஏறினால் கட்டைகள் இறங்கும், பெட்டி இறங்கினால் கட்டைகள் ஏறும். அதாவது நிமிர்த்தி வைத்த தராசு. மோட்டார் அந்தத் தராசை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

மறுபக்கக் கட்டைகள் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்பதில்தான் அழகு இருக்கிறது. வெறும் பெட்டியின் எடை, அதோடு முழுச் சுமையில் ஏறக்குறையப் பாதி. ஏன் பாதி? லிஃப்ட் சில நேரம் காலியாக ஓடும், சில நேரம் நிரம்பி ஓடும். நடுவில் வைத்துவிட்டால் எந்தப் பக்கமும் ரொம்பச் சாயாது. பாதிப் பேர் ஏறினால் இரு பக்கமும் ஒன்று. அப்போது மோட்டாருக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம்.

இதைச் சோதிப்பதும் சுலபம். மூட்டைக்கு ஓர் ஆள் கனம் என்று எடை போட்ட மணல் மூட்டைகளால் பெட்டியைப் பாதி நிரப்பி, ஒருமுறை மேலே ஓட்டு, ஒருமுறை கீழே ஓட்டு. இரண்டு தடவையும் மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஒன்றாக இருந்தால் தராசு நேர்.

மின்பெட்டி மேல்மாடியில் இருந்தது. ஏணி மேலே போய், மோட்டாருக்குப் போகும் கம்பியை வாய்போலக் கவ்விப் பிடிக்கும் மீட்டரை மாட்டினான். கீழே தூங்குமூஞ்சி மூட்டைகளை அடுக்கினான். பல்லி பொத்தானை அழுத்தினாள். படிக்கட்டு வழியாகக் குரல்கள் ஏறி இறங்கின.

“ஏறும்போது பதினாலு ஆம்பியர்,” என்று கத்தினான் ஏணி.

“சரி. இறக்கறேன்.”

“இறங்கும்போது அஞ்சு.”

பல்லி பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. “மறுபடியும் ஓட்டறேன். மீட்டர சரியா மாட்டிக்க,” என்றாள். மறுபடியும் அதேதான் வந்தது.

ஏணிக்குப் புரிந்துவிட்டது. பெட்டி கனம். இதைத் தூங்குமூஞ்சியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தபடி நின்றான். அதற்குள் கீழே அவள் குரல், “மூட்டைய ஒண்ணொண்ணா எடுடா. ஒவ்வொண்ணுக்கும் ஓட்டிப் பாப்போம்.” அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மூட்டைகளைக் குறைத்துக்கொண்டே வந்தாள், அவன் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏற்ற எண் குறைந்தது, இறக்க எண் கூடியது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது மூன்று மூட்டைகள் வெளியே வந்திருந்தன, பெட்டிக்குள் ஒரே ஒரு மூட்டைதான் மிச்சம் இருந்தது.

அவன் கீழே இறங்கி வந்தபோது பல்லி பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அளந்துகொண்டிருந்தாள்.

“மூணு ஆள்,” என்றாள் அவனிடம். “இல்ல?”

“மூணு ஆள்தான்,” என்றான் ஏணி.

“எந்த மூணு ஆள்?” என்றான் தூங்குமூஞ்சி.

ஏணி பலகையை விரலால் தட்டிப் பார்த்தான். “லிஃப்ட் கம்பெனிக்காரங்க எப்ப வந்து சமன் பாத்தாங்க?”

“அது ஆச்சு, பலகை அடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி.”

“பலகை எவ்வளவு தடிமன்?”

“மேஜைல எப்படி இருந்துதோ அப்படியே. ஒரு சீவல்கூட எடுக்கல,” என்றான் பெருமையாக. சொல்லி முடிக்கும்போதே அவன் முகம் மாறியது. தச்சன் அல்லவா, மரத்தின் எடை அவனுக்குத் தெரியாதா. “ஐயோ,” என்றான் மெதுவாக.

நன்றாக விளைந்த பழைய மரம், இரண்டு விரல் தடிமனில், மூன்று சுவருக்கும். மூன்று தடித்த ஆட்கள் எந்நேரமும் உள்ளே ஏறி நிற்பது போன்றது அது. யாரும் பார்க்க முடியாத ஆட்கள். இறங்கவே மாட்டார்கள்.

முழுச் சுமையையும் வைத்து ஏணி ஓட்டிக் காட்டினான். பெட்டி கீழே வந்தது, நின்றது, நின்ற பிறகும் பெருமூச்சு விடுவதுபோல இன்னும் கொஞ்சம் வழுக்கியது. பிரேக் பிடித்துக்கொண்டது, ஆனால் தாமதமாக. கதவு திறந்தபோது பெட்டியின் தளம் நான்கு விரல் கீழே இருந்தது. ஒரு சக்கர நாற்காலி தலைகுப்புற விழ அது போதும்.

“எதிர்ப்பக்கம் கட்டைய ஏத்திடலாமே சார்?” என்றார் தலைமையாசிரியை.

“கட்டை அடுக்கற சட்டத்துல இடமில்லீங்க. இருந்தாலும் கூடாது. கயிறு, பிரேக், கொக்கி எல்லாம் ஒரு மொத்த எடைக்குன்னு செஞ்சது. ரெண்டு பக்கமும் ஏத்திக்கிட்டே போனா தராசு நேரா நிக்கும், தராசைப் பிடிச்சிருக்கற கை ஒடிஞ்சிடும்.”

தூங்குமூஞ்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “சரி, ஒண்ணு கேக்கறேன். அவ ஒருத்தி மட்டும் ஏறினா?”

ஏணியால் பொய் சொல்ல முடியவில்லை. “அவ ஒருத்தி ஏறினா பிரமாதமா ஓடும். நீயே பாத்தியே, ஒரு மூட்டைக்குச் சமனா நின்னுது.”

“அப்ப என்னடா பிரச்சனை? கையெழுத்தப் போடு. பலகைய அப்புறம் பாத்துக்கலாம்.”

“டீச்சர் மட்டும்னு வாசல்ல போர்டு வச்சிடறோம் சார்,” என்றார் தலைமையாசிரியை.

ஏணி பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றவில்லை. மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. தவறு நடக்க வேண்டுமானால் பெட்டி நிரம்ப வேண்டும். போர்டு இருக்கும். பல்லி கண்டிப்பானவள். இரண்டு மாதத்தில் தானே திரும்பி வந்து மறுபடி பார்க்கலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது.

“தேறலன்னு எழுது,” என்றாள் பல்லி.

“நீ சும்மா இரு,” என்றான் தூங்குமூஞ்சி.

“எதுக்கு சும்மா இருக்கணும்? மழை நாள். மணி அடிக்குது. நான் ஏறறேன். பின்னாடி எத்தன பேர் என் நாற்காலியத் தள்ளி விடற சாக்குல உள்ள திணிச்சுக்குவாங்கன்னு நெனக்கற? போர்டாம். நாம போர்டு படிச்ச பசங்களா?”

தலைமையாசிரியை இல்லை என்று தலையாட்டினார்.

“நீ என்னைத் தோள்ல ஏத்தி, உன்னை அவன் தோள்ல ஏத்தி, உள்ள மூணு அடுக்கா நின்னிருப்போம்,” என்றாள். “எழுது, ஏணி. எனக்கு நூலகம் போதும்.”

கடைசி வாக்கியத்தில் மட்டும் குரல் கொஞ்சம் மெலிந்தது. முகம் மெலியவில்லை.

அந்த நிமிடத்தில் ஏணிக்குத் தோள் நினைவுக்கு வந்தது. அவளைப் பயம் அறியாதவள் என்று பள்ளியே சொல்லும். அவள் ஏறும்போது கீழே நின்றவன் அவன். அவன் தோளுக்குத்தான் வேறொன்று தெரியும். காலை வைப்பாள், ஒரு அழுத்து அழுத்துவாள், ஒரு கணம் காத்திருப்பாள், அதன் பிறகுதான் உடம்பைத் தருவாள். மேலே போனதும் ஜன்னல் விளிம்பை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாள், குழாயை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாள். ஆடினால் இறங்கிவிடுவாள், கீழே எத்தனை பேர் கத்தினாலும். அவள் ஒருநாளும் விழாததற்குத் தைரியம் காரணமில்லை. தன் எடையைக் கொடுப்பதற்கு முன்னால் பிடியைச் சோதித்தவள் அவள். இதைத்தான் அவன் இத்தனை வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறான். எங்கே கற்றோம் என்று மட்டும் யோசித்ததில்லை.

பேனாவைச் சட்டைப்பையில் திரும்பச் செருகினான். “எழுத வேண்டியதுதான். ஆனா நான் கிளம்பறது சாயங்காலம். அதுக்குள்ள குறையச் சரிபண்ணினா மறுபடி சோதிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. பலகைய எல்லாம் கழட்டிடலாம். வெறும் தகரத்தோட ஓட்டுவோம்.”

இதைத் தூங்குமூஞ்சியைப் பார்க்காமல் சொன்னான். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அவன் பெட்டிக்குள் போய், தான் தூங்கிய பலகையில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான்.

“அழறானா, தூங்கறானா?” என்றாள் பல்லி தாழ்ந்த குரலில்.

“ரெண்டும் இல்ல,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். “யோசிக்கறேன். எனக்கு முகம் மட்டும்தான வேணும்?”

“எந்த முகம்?”

“பலகையோட முகம். கீறல், கறை, பல்லி எல்லாம் மேல் தோல்லதான இருக்கு? முன்னாடி ஒரு ஏடு மாதிரி அறுத்து எடுத்துட்டா முகம் அப்படியே நிக்கும், முதுகு மட்டும் போயிடும்.” நிமிர்ந்தான். “ஊர்ல எல்லார் வீட்டுக்கும் மெல்லிசாத்தான் ஒட்டறேன். இதுல மட்டும் வாள் வைக்க மனசு வரல. நம்ம மேஜையாச்சே, முழுசா இருக்கட்டும்னு விட்டேன். அந்தப் பாசம்தான் மூணு ஆள் எடை.”

“முதுகு போனா போகட்டும்டா,” என்றாள் பல்லி. “முதுகு போனாலும் ஆள் இருக்கும். என்னைப் பாரு.”

முதலில் சிரித்தது தலைமையாசிரியைதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

பலகைகளைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்தெருவுக்குக் கொண்டுபோனார்கள். பட்டறையில் ஆளுயரத்துக்கு ஒரு நாடாவாள் இருந்தது. தலையும் வாலும் இல்லாமல் வளையமாக இணைத்த பல் வைத்த நாடா, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஓயாமல் ஓடும். பலகையைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, பக்கத்துத் தடுப்போடு ஒட்டித் தள்ளினால், புத்தகத்திலிருந்து ஒரே தாளைக் கிழிப்பதுபோல முகத்தைத் தனியே பிரித்துவிடும். ஆனால் பழைய மேஜைப் பலகையில் ஓர் ஆபத்து உண்டு. எந்தக் காலத்திலோ அடித்த ஆணி உள்ளே முறிந்து கிடக்கும். வாள் அதில் பட்டால் பல் போகும், நாடா அறுந்து தெறித்தால் ஆளும் போகலாம்.

“தட்டித் தட்டிப் பாக்கணும். நேரம் பிடிக்கும்,” என்று கவலைப்பட்டான் தூங்குமூஞ்சி.

பல்லி மடியில் இருந்த பையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்தாள். லேப்பிலிருந்து கீழே வந்த நாளில் கையோடு கொண்டுவந்த சில சாமான்களில் ஒன்று அது. பலகைமேல் மெதுவாக நகர்த்தினாள். முள் வடக்கைப் பார்த்து அமைதியாக வந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் யாரோ கூப்பிட்டதுபோலச் சட்டென்று திரும்பியது. அங்கே சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டாள். தூங்குமூஞ்சி உளியால் தோண்டினான். துருப்பிடித்த ஆணி முனை ஒன்று வெளியே வந்தது.

“அட,” என்றான். “இத்தன வருஷமா ஆணில வாளைக் கொடுத்து அழுதிருக்கேன். இத ஏன் சொல்லித் தரல?”

“பாடம் நடந்துது. நீ தூங்கிட்டிருந்த.”

அப்படியே வேலை நடந்தது. அவள் முள்ளை ஓட்டிச் சுத்தம் என்று தலையசைப்பாள். தூங்குமூஞ்சி தள்ளுவான். அவன் தள்ளுவதைப் பார்ப்பதே தனி அழகு. அத்தனை பெரிய உடம்பு, கை மட்டும் குழந்தையை நடக்க வைப்பதுபோல அத்தனை நிதானம். மறுபக்கம் நீளக் கையோடு ஏணி. வெளியே வரும் ஏட்டை வளையாமல் ஏந்திப் பிடிப்பான். வந்த ஏடு அட்டையைப்போல லேசாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் கூட்டல் கணக்கு அப்படியே இருந்தது, இன்னமும் பாதியில்.

எந்தப் பலகை எந்த இடத்துக்கு என்று மறக்காமல் இருக்க, பின்புறம் அவள் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே வந்தாள். கழித்த முதுகுப் பலகைகள் ஒரு மூலையில் உயர்ந்துகொண்டே போயின.

“இத என்ன பண்ண?” என்றான் ஏணி.

“லேப்ல மேஜையெல்லாம் நிக்கறவங்க உயரம்,” என்றாள் அவள். “எனக்கு மூக்குக்கு வருது.”

தூங்குமூஞ்சி வாளை நிறுத்தாமலே நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை கண்ணால் அளந்துகொண்டான்.

வெயில் சாய்வதற்குள் பலகை முகங்கள் சுவருக்குத் திரும்பின. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. விரலால் தட்டினால் மட்டும் சத்தம் மாறியிருந்தது. முன்பு கனமாக, இப்போது ஏதோ சொல்ல வருவதுபோல.

மறுபடியும் பாதிச் சுமை. ஏணி மேலே ஓடினான்.

“ஏறும்போது ஒன்பது.”

கீழே பல்லி மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

“இறங்கும்போது…” அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். “ஒன்பதுக்கு ஒரு மயிரிழை கீழ.”

“மயிரிழைக்கு அனுமதி உண்டா?” என்று கேட்டாள் அவள்.

“உண்டு.”

“எழுதி வச்சிருக்கா, நீ சொல்றியா?”

“எழுதி வச்சிருக்கு, தாயே.”

முழுச் சுமை ஏற்றினார்கள். பெட்டி இறங்கி வந்து, தரையோடு தரையாக நின்றது. இந்த முறை பெருமூச்சு இல்லை. ஏணி குனிந்து, பெட்டியின் தளமும் தரையும் சேரும் இடத்தின்மேல் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தான். கையில் எதுவும் தட்டவில்லை. விதி கேட்டதைவிட ஒரு தடவை அதிகமாக ஓட்டிப் பார்த்தான். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினான்.

கையெழுத்தின் மை காய்வதற்குள் தூங்குமூஞ்சி மூட்டைகளை வெளியே உருட்டிவிட்டான். “ஏறு பல்லி. எத்தன நாளா காத்திருக்க.”

அவள் நாற்காலியை வாசல் வரை உருட்டினாள். முன்சக்கரங்களை மட்டும் பெட்டிக்குள் விட்டாள். நிறுத்தினாள். உள்ளே கையை நீட்டிச் சுவரில் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

“அதான் ஆய்வாளரே கையெழுத்து போட்டுட்டாரே, இன்னும் என்ன?” என்றான் தூங்குமூஞ்சி.

“விடு,” என்றான் ஏணி. “பாக்கட்டும்.”

கம்பி ஆடவில்லை. ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு தன் எடை முழுவதையும் உள்ளே கொடுத்தாள்.

“நீங்களும் வாங்கடா. நாம மூணு பேரும் நாற்காலியுமா சேந்தா ஏறக்குறையப் பாதிச் சுமை. மோட்டாருக்கு வேலையே இருக்காது,” என்றாள். “மேடம், நீங்க படியில வாங்க, யார் முதல்ல போறாங்கன்னு பாப்போம்.”

தலைமையாசிரியை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிஜமாகவே ஓடினார்.

கதவு மூடியது. பெட்டி எழுந்ததே தெரியவில்லை. அவளுடைய கண்ணுக்கு நேரே அந்தப் பல்லி இருந்தது. தூங்குமூஞ்சி தன் பலகையைக் கண்டுபிடித்துக் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான்.

“தூங்கிடாத. ஒரு மாடிதான்,” என்றாள் அவள்.

ஏணி விரலை உயர்த்தினான். “இப்ப கேளு.”

பாதி வழியில், சுவருக்கு அந்தப் பக்கம், கட்டைகள் அடுக்கிய சட்டம் இவர்களைக் கடந்து கீழே போனது. காற்று மெல்ல விலகும் சத்தம், அவ்வளவுதான். தராசின் இரண்டு தட்டும் ஒரே உயரத்தில் இருக்கும் கணம் அது. அவன் ஆயிரம் லிஃப்டுகளில் கேட்ட சத்தம். இதுவரை யாருக்கும் அவன் அதைச் சுட்டிக்காட்டியதில்லை.

“கேட்டுது,” என்றாள் பல்லி. “பிள்ளைங்களுக்கு முதல் பாடம் இதுதான்.”

மேலே கதவு திறந்தபோது, எதிரே மூச்சிரைக்க நின்ற தலைமையாசிரியைக்கு முன்னால், அவள் மடியிலிருந்து லேப் சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வெளியே வந்த ஏணி, உயரமான அந்த வாசலிலும் தலையைக் குனிந்தான்.

“இன்னொரு டீ,” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.